துருவுக்கு அடியில் ஒரு பெயர்

நண்பர் ஒருவர் தன் பழைய சாமான் அறையைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டியை என்னிடம் தந்தார். உள்ளே விலங்கு பிடிக்கும் இரும்புப் பொறிகள் இரண்டு. இரண்டுமே ‘ஜின்’ என்று சொல்லப்படும் வகை. பல் வைத்த இரண்டு தாடைகள், நடுவில் கால் பட்டால் அமுங்கும் மிதிதட்டு, ஒரு பக்கம் மடித்துவிட்ட நீளமான வில்தகடு, கோடியில் சங்கிலி. தாடையின் அகலம் 4 அங்குலம். முயலுக்காகச் செய்யப்பட்ட அளவு அது. பெட்டியைத் திறந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகக் கிடந்தன.

முதல் பொறியை நான் கெடுத்துவிட்டேன். டிரில்லில் கம்பி பிரஷ் சக்கரத்தை மாட்டி அரை மணி நேரம் ஓட்டினேன். புதிது போலப் பளபளவென்று வந்தது. துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வில்தகட்டின் மேல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அங்கே ஒரு மெல்லிய நிழல்: ஏதோ ஓர் எழுத்தின் கால், அதற்குப் பக்கத்தில் பாதி வளைவு. அவ்வளவுதான் மிச்சம். செய்தவர் தன் பெயரை அடித்து வைத்திருந்த இடம் அது. நான் அதைத் தேய்த்து எடுத்துவிட்டேன்.

அந்தப் பெயர் ஏன் முக்கியம் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் வெட்னஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பொறி செய்வதுதான் பெரிய தொழிலாக இருந்தது. வெவ்வேறு பட்டறைகள், வெவ்வேறு முத்திரைகள். வில்தகட்டில் பெயர் இருந்தால் எந்தப் பட்டறையின் வேலை என்று தேடிப் பிடிக்கலாம். பெயர் போய்விட்டால் அது வெறும் இரும்பு. 1954-இல் வந்த சட்டத்தின்படி இங்கிலாந்தில் 1958 முதல் ஜின் பொறியைப் பயன்படுத்தத் தடை. விலங்கை உடனே கொல்லாமல் காலைக் கவ்வி மணிக்கணக்கில் வைத்திருக்கும் கருவி என்பதால் வந்த தடை அது. அந்தப் பற்களைக் கையில் பிடித்துப் பார்த்த எனக்கு அந்தத் தடை சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இப்படி ஒன்று இருந்தது, இதை இன்னார் செய்தார் என்பது அழிந்துபோக வேண்டாம் என்றும் தோன்றியது.

அதனால் இரண்டாவது பொறியில் துருவை மட்டும் எடுக்க வேண்டும், இரும்பைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் முழுக்க எண்ணெய்தான். துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக விட்டேன். இந்த வேலையில் கை ஜாக்கிரதை. வில்தகட்டின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். அது தாடைகளின் அடியைச் சுற்றி நிற்கும். வில் விரியும்போது வளையம் மேலே ஏறித் தாடைகளைச் சேர்த்து நெருக்கும். துருப்பிடித்து மூடிக்கிடக்கும் பொறியிலும் அந்த அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். எண்ணெய் இறங்கி இணைப்பு இளகும் நேரத்தில் தாடை சட்டென்று அசையலாம். நான் வில்தகட்டை ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்து, தாடைகளுக்கு நடுவே மரக்கட்டை வைத்து, அதற்கு மேல் கம்பியாலும் கட்டிவிட்டுத்தான் கை வைத்தேன். பொறியை முழுதாகத் திறந்து மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பழைய வில்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது உடைந்து தெறிக்கும்.

அடுத்தது மின்சாரத்தால் துரு எடுப்பது. 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் ஐந்து மேசைக்கரண்டி சலவை சோடா. தொட்டியின் நான்கு மூலையிலும் பழைய இரும்புக் கம்பிகளை நிறுத்தி, நான்கையும் வயரால் இணைத்து 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் முனையில் மாட்டினேன். பொறி நடுவில் தொங்க வேண்டும், கம்பிகளைத் தொடக் கூடாது. அதற்கு மைனஸ் முனை. இதை மாற்றி மாட்டினால் கம்பிக்குப் பதிலாகப் பொறி கரைந்துபோகும், ஆகவே சுவிட்ச் போடும் முன் இரண்டு முறை பாருங்கள். கம்பிகளுக்குப் பதில் எவர்சில்வர் சாமான் எதையும் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரை விஷமாக்கிவிடும். பொறியிலிருந்து கிளம்பும் குமிழிகள் ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. நான் திறந்த வெளியில் வைத்துத்தான் செய்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. குமிழி இல்லை, சார்ஜரின் முள் அசையவில்லை. துரு மின்சாரத்தை விடாது என்பதை மறந்து, துருவின் மேலேயே முனையை மாட்டியிருந்தேன். தாடையின் அடியில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் காசு அகலத்துக்கு இரும்பு தெரியும்வரை சுரண்டி, அங்கே மாட்டினேன். உடனே நுரை கிளம்பியது.

பத்து மணி நேரம் கழித்துச் சார்ஜரை அணைத்துவிட்டுப் பொறியை வெளியே எடுத்தேன். தண்ணீர் முழுக்கச் செம்மண் நிறத்தில் நுரை. பொறி கன்னங்கரேலென்று இருந்தது. சிவந்த துரு கருப்புத் துருவாக மாறி, ஈரக் கரிபோல மெத்தென்று ஒட்டியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே தேய்த்தேன். கரி கரைந்து ஓடியது. மிதிதட்டைத் தாங்கும் சின்னக் கொக்கி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பித்தளை! அதற்குப் பாலிஷ் போடாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் வில்தகடு. இங்கே வேகமாகத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விரல் அகலம் தேய்ப்பது, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பது, பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. முதலில் வந்தது ஊர்ப்பெயரின் வால். பிரஷ் நகர நகர, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்து, கடைசியில் வெட்னஸ்ஃபீல்ட் என்று முழுதாக நின்றது. அதற்கு மேலே பட்டறைக்காரரின் பெயர். அதில் முதல் எழுத்தைத் துரு தின்றுவிட்டது, மற்றதெல்லாம் படிக்க முடிந்தது. எழுத்துகள் நேர்கோட்டில் இல்லை. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் பதிந்திருந்தன. முத்திரையைச் சாய்த்துப் பிடித்து அடித்திருக்கிறார். நகத்தை வைத்தால் அந்தச் சாய்வு தட்டுப்படுகிறது. அடித்தவரின் கையையே தொட்டது போல இருந்தது.

ஆனால் உட்கார்ந்து ரசிக்க நேரமில்லை. புதிதாக வெளியே தெரியும் இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். வெந்நீரில் அலசி, துடைத்து, நேராக ஓவனில் வைத்தேன். 200 டிகிரிக்கு மேல் போகாமல் நான்கு மணி நேரம். ஈரம் போவதற்கு மட்டுமல்ல. தொட்டியில் இருக்கும்போது ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் இறங்கி அதை நொறுங்கும்படி ஆக்கக்கூடும், இந்தச் சூடு அதை வெளியேற்ற உதவும். அதற்காக நெருப்பில் காட்டிவிடாதீர்கள். சிவக்கச் சூடேறினால் வில்லின் பதம் போய்விடும்.

கறுப்பு நிறத்துக்குக் கெட்டியான தேயிலைச் சாற்றில் ஓர் இரவு ஊறப்போட்டேன். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு வரும். பொறி வைத்து விலங்கு பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் மரப்பட்டையோடு பொறியை வேகவைத்ததிலும் இதே துவர்ப்புதான் வேலை செய்தது. பிறகு மறுபடி காயவைத்து, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கி, தேன்மெழுகுக் கட்டியை நேராக அதன் மேலேயே தேய்த்தேன். பட்ட இடத்தில் உருகி இண்டு இடுக்கெல்லாம் ஓடியது. மிஞ்சியதைத் துணியால் துடைத்ததோடு சரி. வார்னிஷ் அடிக்கச் சொன்னவர்கள் உண்டு, எனக்கு விருப்பமில்லை. அது எழுத்துப் பள்ளங்களில் தேங்கிவிடும்.

சங்கிலிதான் அதிகம் படுத்தியது. கண்ணிக்குக் கண்ணி நடுவே துரு இருப்பதால் மின்சாரம் இரண்டு கண்ணியோடு நின்றுவிடுகிறது. செம்புக் கம்பியை ஒவ்வொரு கண்ணியிலும் நுழைத்துக் கட்டி மூன்று முறை தொட்டியில் போட வேண்டியிருந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகும் நடுவிலிருக்கும் சுழல் வளையம் இறுகியே நின்றது. எண்ணெய் விட்டு வைத்தேன். நான்காம் நாள் காலை விரலால் சுண்டினேன். சுற்றியது.

இப்போது தாடைகளைக் கம்பியால் கட்டி, இரண்டு பொறிகளையும் ஒரே பலகையில் மாட்டியிருக்கிறேன். பெயர் அழிந்த முதல் பொறிக்கும் தேயிலைச் சாறும் மெழுகும் கொடுத்தாயிற்று. அதன் வில்தகட்டில் மிஞ்சியிருக்கும் பாதி வளைவை இரண்டாவது பொறியின் எழுத்துகளோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எதோடும் ஒத்துப்போகவில்லை.