புளிக்கரைசலும் முழங்கால் வீக்கமும்

பிசியோதெரபி படித்து முடித்து ஒரு சின்ன ஊரின் தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, முடக்குவாதம், வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. "முட்டியில நீர் கோத்துக்கிச்சு தம்பி, மடக்கவே முடியல" என்றார். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற தொழில். கால் மடங்காவிட்டால் கடை கிடையாது.

மடக்கிவிடுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். 90 டிகிரியில் கால் நின்றது. கணுக்காலைப் பிடித்து, என் எடையைக் கொஞ்சம் கொடுத்து அழுத்தி 110 வரை கொண்டுபோனேன். அந்த அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. பதிவேட்டில் "20 டிகிரி முன்னேற்றம்" என்று எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து ஆடுசதை வீங்கி, சூடாகி, நொண்டிக்கொண்டு வந்தார். ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டது என்றே எல்லோரும் பயந்தோம். டாப்ளர் ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் இருந்த நீர்ப்பை உடைந்து, நீர் ஆடுசதைக்குள் இறங்கியிருந்தது. பேக்கர் நீர்ப்பை என்பார்கள். மூட்டுக்குள் அழுத்தம் ஏறும்போது நீர் ஒரு சின்ன வழியாகப் பின்பக்கப் பைக்குள் போகும், திரும்பி வருவது கஷ்டம். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரிதான். "தானாகவும் உடையும், நீ மடக்கினதாலதான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் மூட்டின் உள்ளுறையைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். கல்லூரியில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி. 'மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு, வழவழப்பான நீரைச் சுரக்கும்' என்று எழுதினால் போதும். அந்த 'சவ்வு' என்ற சொல்தான் என்னை ஏமாற்றியது. பலூன் மாதிரி ஒரு மூடிய பை என்றே மனதில் பதிந்துவிட்டது.

குடலின் உள்பக்கத்தில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டி, அடியில் ஒரு தளப்படலத்தின்மீது உட்கார்ந்திருக்கும். மூட்டின் உள்ளுறையில் இது இரண்டுமே இல்லை. ஒன்று முதல் மூன்று அடுக்கு செல்கள், அதுவும் இடைவெளி விட்டு. அந்த இடைவெளிகளில் செல்லிடைப் பொருள் நிறைந்திருக்கும். அதற்கு உடனடிக் கீழே, சுவரில் சின்னச் சின்ன ஜன்னல்கள் கொண்ட ரத்த நுண்குழாய்கள். இன்னும் ஆழத்தில், கசிந்த நீரை வடித்துக்கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஜன்னல் வழியாகக் கசிந்து மூட்டுக்குள் வருகிறது. குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் தாராளமாக வந்துபோகும். ஃபைப்ரினோஜென் போன்ற பெரிய புரதங்கள் பெரும்பாலும் பின்தங்கிவிடும், அதனால்தான் நல்ல மூட்டின் நீர் உறைவதில்லை. இந்த வடிநீரில் உள்ளுறையின் செல்கள் ஹயலுரோனிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறைக் கலந்துவிடுகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு போன்ற பிசுபிசுப்பு அதனால் வருவது. இத்தனை ஏற்பாட்டுக்கும் நல்ல முழங்காலில் இருக்கும் நீர் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, 4 மில்லிகூடத் தேறாது.

சரி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் துணியில் அந்த 4 மில்லி எப்படித் தங்குகிறது? இதற்குப் பதில் எனக்கு வீட்டுச் சமையலறையில் புரிந்தது. புளிக்கரைசலைத் துணியில் வடிகட்டினால் முதலில் வேகமாக இறங்கும். பிறகு சக்கை துணியில் படிந்து சொட்டுச் சொட்டாகிவிடும். மேலே இருந்து அழுத்தினால் சக்கை இன்னும் நெருக்கமாகப் படியுமே தவிர ஓட்டம் கூடாது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் ராட்னி லெவிக்கும் குழுவினரும் முயல்களின் முழங்காலில் ஏறக்குறைய இதையேதான் கண்டார்கள். வெறும் உப்புக்கரைசலை மூட்டில் ஏற்றி அழுத்தத்தைக் கூட்டினால் வெளியேற்றமும் கூடிக்கொண்டே போகிறது. ஹயலுரோனிக் அமிலம் கலந்திருந்தால் ஓரளவுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வெளியேற்றம் அதற்குமேல் கூடுவதில்லை. நீண்ட சங்கிலிகள் உள்ளுறையின் பரப்பில் வந்து குவிந்து, நீரைத் தம் பக்கமே இழுத்துவைக்கின்றன. புளிச்சக்கைக்கு இந்தக் கடைசி வித்தை தெரியாது, உவமையின் எல்லை அவ்வளவுதான்.

பூக்கார அம்மாவின் மூட்டில் இந்த ஏற்பாடே குலைந்திருந்தது. முடக்குவாதத்தில் உள்ளுறை தடித்து, புது ரத்தக் குழாய்கள் முளைத்து, ஜன்னல்கள் அகலமாகிவிடுகின்றன. புரதங்கள் உள்ளே வர, பின்னாலேயே நீரும் வருகிறது. சங்கிலிகள் துண்டாகி நீர்த்துப்போகின்றன. அவரிடமிருந்து டாக்டர் எடுத்த நீர் சிரிஞ்சின் நுனியிலிருந்து தண்ணீர் மாதிரியே சொட்டியது. நல்ல நீர் சில சென்டிமீட்டராவது நூல் இழுக்கும். இந்த நிலையில் நீர் வெளியேறாமல் தேங்குகிறது என்று நினைப்பதும் தப்பு. செலவும் கூடத்தான், ஆனால் வரவு அதைவிட அதிகம். எடுத்த நீர் இரண்டு வாரத்தில் மறுபடி ஊறிவிட்டது.

எனக்கு அதிக வெட்கம் தந்தது வேறொன்று. தொடைத் தசையை இறுக்கச் சொன்னபோது அவருக்கு வரவில்லை. "முயற்சியே பண்ணமாட்டேங்கிறீங்கம்மா" என்று கடிந்துகொண்டிருக்கிறேன். நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கு உப்புக்கரைசலை ஊசியால் ஏற்றிப் பார்த்த ஆய்வு 1984-இலேயே வந்துவிட்டது. 20, 30 மில்லி போனாலே தொடையின் உட்பக்கத் தசையின் அனிச்சை வினை மட்டுப்படுகிறது. அவர் மூட்டில் இருந்து டாக்டர் எடுத்தது 60 மில்லி.

தலையணை விஷயத்திலும் கோட்டைவிட்டேன். நீர் கோத்த முழங்காலில் அழுத்தம் குறைவாக இருப்பது 30 டிகிரிக்கும் 60-க்கும் இடைப்பட்ட மடிப்பில். அதனால் நோயாளிகள் காலைத் தாமாகவே அப்படி வைத்துக்கொள்வார்கள். அவர் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினார், சுகமாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது முதலில் டேப்பை எடுத்து இரண்டு முழங்காலையும் அளக்கிறேன், முழங்கால் சில்லை அழுத்தி நீர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நிறைய இருந்தால் டாக்டருக்குப் போன். உள்ளுறையின் அழற்சிக்கு மருந்து போய்ச் சேராமல் என் கையால் நடக்கக்கூடியது கொஞ்சம்தான். அதுவரை வலிக்காத எல்லைக்குள் மெதுவாக மடக்கி நீட்டுவேன். இளம் பிசியோக்களுக்கு இது வேலையே செய்யாதது மாதிரித் தோன்றும். மூட்டை அசைத்தாலே ஹயலுரோனிக் அமிலச் சுரப்பு கூடுவதை அதே முயல் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்து பிடித்து ஆறு மாதம் ஆனபின் அந்த அம்மாவின் வீக்கம் வடிந்தது. கடையில் முக்காலி போட்டு உட்காருகிறார். பூக்கூடைக்குக் குனிய வேண்டியிருப்பதாக என்னிடம்தான் குறைபடுவார். கால் நன்றாகவே மடங்குகிறது. நீட்டும்போது மட்டும் கடைசி 5 டிகிரி வரவில்லை. அது தலையணையின் வேலை.