மூன்று பிளக்குகளில் ஒன்று மட்டும் வேறு

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு வாசலில் நிற்பது மூன்று சிலிண்டரும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்பரேட்டரும் கொண்ட பழைய கார். சென்ற மாதம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருவாறு ஏறி முடித்த அது, ஒண்டிக்கடை அருகே நிறுத்தியதும், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் நடுங்கி அணைந்துவிட்டது. மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது, எரிபொருளுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றிலும் உலர்ந்த கரி படிந்திருந்தது. இரண்டில் பி.பி.ஆர்.6.ஈ.எஸ். (BPR6ES) என்றும், மூன்றாவதில் 6-க்குப் பதில் 7 என்றும் எழுதியிருந்தது. முன்பு யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

பானெட்டின் உட்புற ஒட்டுச்சீட்டில் இருந்தது 6-தான். பிளக் தயாரிப்பு நிறுவனமான என்ஜிகேயின் குறியீட்டில் முதல் எழுத்தான பி 14 மி.மீ. மரையையும், அடுத்த பி முன்னே நீட்டிய பீங்கான் முனையையும், ஆர் உள்ளே மின்தடை இருப்பதையும், ஈ மரையின் நீளம் 19 மி.மீ. என்பதையும் குறிக்கின்றன. நடுவிலுள்ள எண், பிளக் தன் முனையின் வெப்பத்தை எவ்வளவு விரைவாக எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கடத்திவிடும் என்பதைச் சொல்கிறது. எண் கூடினால் வெப்பம் விரைவாக வெளியேறும், அதாவது அது 'குளிர்ந்த' வகைப் பிளக். முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கரி தானாக எரிந்து போகும். 800-ஐக் கடந்து வெகுவாகச் சூடேறினால் தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆகவே 7 எண் பிளக்கில் கரி கூடுதலாகப் படிந்ததில் வியப்பில்லை.

உதிரிபாகக் கடையில் முதலில் எடுத்துத் தந்த பிளக்கில் ஈ இருக்க வேண்டிய இடத்தில் எச் இருந்தது. அதன் மரை 12.7 மி.மீ. மட்டுமே, பொருத்தியிருந்தால் முனை துளைக்குள்ளேயே பதுங்கி, கீழே எஞ்சிய மரையில் கரி அடைத்திருக்கும். அடுத்துத் தந்தது பாஷ் (Bosch) நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.7.டி.சி. அங்கே எண்ணின் போக்கு தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். அந்த 7-உம் என்ஜிகேயின் 6-உம் ஏறக்குறைய சமம் என்பதை அறியாததால் நான் சற்று நேரம் குழம்பித்தான் நின்றேன். "மலைக்குப் போற வண்டின்னா அஞ்சு போடுங்க சார், கரி புடிக்காது" என்று கடைக்காரர் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. இரண்டாம் கியரில் பாரத்தோடு ஏறும்போதுதான் எரியறை மிகவும் சூடாகிறது. அந்த நேரத்தில் இன்னும் சூடான பிளக்கைப் போடுவது வீண் வம்பு.

கரிக்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், சேலத்துக்கேற்ப அமைத்த கார்பரேட்டர் அங்கே பெட்ரோலை மிகையாகவே தரும். அது போதாதென்று, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கின் குமிழ் முழுவதும் உள்ளே போகாமல் கேபிள் சிக்கியிருந்தது. அதை எண்ணெயிட்டுச் சரிசெய்தேன்.

பிளக்கின் நடு முனைக்கும் பக்கக் கொக்கிக்கும் இடையே ஒட்டுச்சீட்டில் சொன்ன இடைவெளி 0.8 மி.மீ. புதிய பிளக்குகளில் ஒன்று, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 0.7 காட்டியது, நடு முனையைத் தொடாமல் பக்கக் கொக்கியை மட்டும் மெல்ல வளைத்துச் சரியாக்கினேன். அலுமினியத் தலையின் மரை கெட்டால் செலவு பெரிது என்பதால், ஸ்பேனரைத் தொடாமல் விரலாலேயே கடைசி வரை திருகினேன். வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று மட்டும் ஸ்பேனரில் இறுக்கினேன்.

அதன்பின் இருமுறை ஏற்காடு போய் வந்தாயிற்று. முதல் இரண்டு பிளக்குகளும் வெளிர் பழுப்பாக இருக்கின்றன. பழைய 7 இருந்த மூன்றாவது சிலிண்டரில் மட்டும் இன்னும் லேசான கருமை தெரிகிறது. அந்தப் பிளக்கின் வயரை மல்டிமீட்டரில் சோதித்து, பிறகு சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும்.