சுலோச்சன நாடார் தெரு வீடு

சத்திரிய வித்யாசாலாவில் படித்த நமக்கெல்லாம் காமராஜர் முதலில் பள்ளியின் மூத்த மாணவர். முதலமைச்சர், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் என்பதெல்லாம் அப்புறம்தான். வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி நம்முடையது. அங்கே ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போன பையன் வளர்ந்த வீடுதான், இன்று விருதுநகர் சுலோச்சன நாடார் தெருவில் அரசு நினைவு இல்லமாக நிற்கிறது.

விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் ஜூலை 15ஐத் தவிர்த்துவிடுங்கள். பிறந்தநாள் கூட்டத்தில் நின்று பார்க்க இடம் கிடைக்காது. பஜாரை ஒட்டிய தெருக்கள் குறுகல் என்பதால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவதே நல்லது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அங்கே கூட்டிப்போக வேண்டும். 1954 முதல் 1963 வரை மாநிலத்தை ஆண்டவரின் தாயார் சிவகாமி அம்மாள் வாழ்ந்த வீடு இது. மகனோ சென்னையில் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்தார். தாயார் வீட்டுக்கென்று தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயைக் காமராஜர் எடுக்கச் சொன்னதை ஊரில் இன்றும் சொல்வார்கள். வீடு சின்னதாக இருப்பதுதான் அதன் வரலாறு. ஆகவே வசதி என்ற பெயரில் இதுபோன்ற வீட்டை அகலப்படுத்துவதும் கிரானைட் பதிப்பதும் கூடவே கூடாது.

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது பெரும்பாலும் கெடுதல் சிமெண்டால்தான் வருகிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, பூச்சின் வழியாக வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். அதன்மேல் இன்னொரு தடவை சிமெண்ட் பூசுவது நோயை மூடிவைப்பதுதான். அந்தப் பூச்சைக் கவனமாகத் தட்டி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, வாரக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு என்று கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. வெயில் நேரடியாகப் படாமல் சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காக்காவிட்டால் வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளையே போதும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் கொப்பளம் கொப்பளமாக எழும்பும்.

சுவரைப் போலவே, நினைவாக எடுத்துவைக்கும் பழைய கதர்த் துணிக்கும் கவனம் வேண்டும். அதற்குக் கஞ்சிதான் எதிரி. கஞ்சிப் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். கஞ்சி போகும்படி அலசி, மடிப்புக்குள் மென்தாள் சுருளை வைத்து, மடிக்கும் இடத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நூல் அந்த வரியிலேயே அறும்.

இனி நம்மால் ஆகக்கூடியது. காமராஜர் ஊருக்கு வந்தபோது எடுத்த படங்கள் நம்மில் பலர் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்; நடுவில் அட்டை விளிம்பு கொடுங்கள். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல், நுணுக்கம் இழக்காத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும்; மின்னஞ்சல் இணைப்பாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அதன் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.