கை வைக்காதீங்க சிஸ்டர்

"கை வைக்காதீங்க சிஸ்டர், ஒரு நிமிஷம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். பேச்சுக்குச் சொன்ன நிமிஷம்தான், நிஜத்தில் பத்துப் பதினைந்து நொடி இருக்கும். ஆனால் பச்சிளம் குழந்தைக்கு மூச்சு நின்றால் பாதத்தைச் சுண்டுவது என் கைக்கு யோசிக்காமலே வருகிற வேலை.

குறைமாதமாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மூளை முதிராததால் மூச்சு நிற்கும், தட்டினால் விடும், மூச்சைத் தூண்டக் காஃபின் கொடுக்கிறோம், வளர வளரச் சரியாகிவிடும். இது நிறைமாதம். மூச்சு நின்றும் இதயத் துடிப்பு உடனே குறையவில்லை. கை கால் வெட்டாமல் மூச்சு மட்டும் நிற்கிற வலிப்பும் பச்சிளம் குழந்தைக்கு உண்டு என்பதால்தான் தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, மூளையின் மின்னலைகளைச் சுருக்கி ஒரு பட்டையாக வரைகிற ஏ.ஈ.ஈ.ஜி. போட்டிருந்தோம்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டை மணிக்கு 6 செ.மீ. ஓடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 1 மி.மீ. 20 நொடி நின்ற மூச்சு அதில் மயிரிழைதான். நான் தட்டினால் பட்டையும் எகிறும், மூளையா என் கையா என்று சொல்ல முடியாது. முந்தைய தடவை அப்படித்தான் ஆனது. வலிப்பு இல்லாமல் வலிப்பு மருந்தான பினோபார்பிட்டோன் போட்டால் அந்த மருந்தே மூச்சை அமுக்கும். அவர் கேட்டது நியாயம்தான்.

நின்றேன். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90, 86 என்று இறங்கியது. கீழே விரித்துக் காட்டும் அலைகளில், யாரும் தொடாமலே, ஒரே சீராகக் கூர்கூராக ஒரு வரிசை ஓடியது, வலிப்புதான். "சரி, போதும்" என்றார். தட்டியும் விடவில்லை, ஆம்பு பை வைத்துக் காற்றுக் கொடுத்தோம், மூச்சு வந்துவிட்டது. மருந்து போனது.

அம்மா வாசலில் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

"ஏன் சிஸ்டர் ரெண்டு பேரும் சும்மா நின்னீங்க?"

"சும்மா இல்லம்மா, மெஷினைப் பார்த்துட்டு இருந்தோம்."

"அதத்தான் கேக்குறேன்."

20 நொடி மூச்சு நின்றால்தான் அதற்கு ஆப்னியா என்று பெயர், நாங்கள் அதைத் தாண்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் துடிப்போ சாச்சுரேஷனோ இறங்கினால் அதற்குள்ளேயும் ஆப்னியாதான் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது, அதையும் நான்தான் பாடம் எடுக்கிறேன். பார்த்ததால்தானே சரியான மருந்து போனது? அந்தக் குழந்தைக்கு ஆமாம். அலையில் ஒன்றும் வராமல் போயிருந்தால் அந்த நொடிகளை எந்தக் கணக்கில் எழுதியிருப்பேன்?

இப்போது ஜூனியர்களிடம், பதிவில் அந்த நேரத்தைக் குறிக்கிற மார்க் பட்டனை அழுத்திவிட்டுத் தட்டுங்கள் என்கிறேன். "தட்டிட்டு அழுத்தினா என்ன சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். இயந்திரம் இருக்கிறவரை பட்டன் முதலில்தான் என்றேன், அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.