அரை விநாடித் தயக்கம்

ஜூன் 3, மாட்டுங்கா

'சோட்டி ஸி பாத்' படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதத் தொடங்கியாயிற்று. 1976இல் வந்த பாசு சட்டர்ஜியின் இந்திப் படம். கதை ஒரு கைப்பிடிதான்: பஸ் ஸ்டாப்பில் தினம் பார்க்கிற பெண்ணிடம் வாய் திறக்கத் துணியாத பையன், கண்டாலாவில் ஒரு கர்னலிடம் பாடம் படித்துத் திரும்புகிறான். படத்தைத் தூக்கி நிறுத்துவது அமோல் பாலேகரின் முகம். வரிகள் அந்த முகத்துக்கு வழிவிட வேண்டும்.

ஜூன் 6

நாயகி வித்யா சின்ஹா ஏதாவது கேட்டால் பாலேகருக்கு முதலில் உதடு பிரியும். பார்வை கீழே போய்த் திரும்பும். பிறகுதான் குரல். உதடு பிரிந்ததுமே வரியைப் போட்டால் பார்க்கிறவர் பதிலைப் படித்து முடித்துவிடுவார், தயக்கம் அங்கேயே செத்துவிடும். குரல் எழும் பிரேமில்தான் வரி வர வேண்டும். அரை விநாடி என்றால் 12 பிரேம். சிரிப்பு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

திக்கலை அப்படியே எழுதினால் திரையெல்லாம் புள்ளியாகிறது. "அது வந்து..." ஒரு தடவை போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இந்தியைப் போலத் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வருவதால் நகைச்சுவை முன்னாலேயே உடைவதில்லை. பெரிய நிம்மதி இது.

ஜூன் 9

சோதனை ஓட்டத்தில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பழைய பிளேயர். கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தாலும் அதில் சரியாகாது, பிளேயரைத்தான் மாற்ற வேண்டும்.

ஜூன் 14

அஸ்ரானி செய்யும் போட்டிக்காரர் பாத்திரத்தின் பெயர் நாகேஷ். தமிழ் எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம் நாகேஷ் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனாலும் மாற்றவில்லை. ஸ்கூட்டரில் அவர் வந்து நிற்கும்போது பாலேகர் சிரிக்க முயன்று பாதியில் விடுகிறார். அந்த ஷாட்டில் அடிவரி கூடாது.

ஜஹாங்கீர் கலைக்கூடத்துச் சமோவார் உணவகமும் படத்தில் வருகிறது. 2015இல் மூடிவிட்டார்கள். அங்கே வரிகளைச் சுருக்கியிருக்கிறோம், கண் இடத்தையும் பார்க்கட்டும்.

ஜூன் 20

கண்டாலாவுக்குப் பின் படம் கொஞ்சம் சறுக்குகிறது. கர்னலாக வரும் அசோக் குமார் கற்றுத்தரும் தந்திரங்கள் வேறொருவர் கையில் வெறும் கெட்டிக்காரத்தனமாகியிருக்கும். பாலேகர் நிமிர்ந்து நடந்தாலும் கண்ணில் பழைய கூச்சத்தை விட்டுவைக்கிறார். அதனால் "நீங்க" கடைசிவரை "நீங்க"தான், "நீ" ஆகாது.

ஜூன் 22

மிச்சம் பாட்டு மட்டும். 'ஜானேமன்', யேசுதாஸும் ஆஷா போஸ்லேயும். தியேட்டர் திரையில் தர்மேந்திரா, ஹேமமாலினி. அவர்கள் இடத்தில் தன்னையும் அவளையும் வைத்துப் பார்க்கிறான் நாயகன். பல்லவிக்கு ஒரு தடவை வரி கொடுத்தோம். மறுபடி வரும்போது திரையைக் காலியாக விட்டோம்.