ஹட்டன் வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

2025 மே 18, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வீட்டை வாங்கி என் பெயருக்கு உறுதி எழுதியாகிவிட்டது. ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா போகிற பாதையில் 8 பேர்ச் காணி, பழைய வீடு. விலை 75 இலட்சம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதுவே 299,000 ரூபா. நொத்தாரிசுக்கு வேறு.

அம்மா உறுதியை வாங்கி, என் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறந்ததும் தோட்டத் தொழிலாளர் லயத்தில், வாழ்க்கைப்பட்டதும் லயத்தில். இருந்த காம்பராவுக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

திருத்தி ஆறு மாதத்துக்குள் விற்றுவிட நினைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

விடாத மழை. குசினிச் சுவரில் புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஈரம் ஊறுகிறது. பின்பக்கம் மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. தண்ணீர் போகக் கானே இல்லை. விற்றவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? மனம் ஆறவில்லை.

மேசன் பாஸ் பெயிண்ட் வேலையை நிறுத்தச் சொன்னார். முதலில் கான், அப்புறம் தாங்கு சுவர். 5 இலட்சம், என் கணக்கில் இல்லாத காசு. வாங்க வருகிறவர் டைல்ஸைத்தான் பார்ப்பார், மண்ணுக்குள் போன சீமெந்தை யார் பார்ப்பது? ஆனாலும் அதை விட முடியாது. 2014 அக்டோபர் 29 மண்சரிவு மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மூடிய பிறகு, மழைச் சத்தம் கேட்டாலே நான் மேட்டைத்தான் பார்க்கிறேன். அந்தச் சுவர் இல்லாமல் இந்த வீட்டை இன்னொருவர் தலையில் கட்ட மாட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

வேலை முடிந்தது. வாங்கியது, திருத்தியது எல்லாம் சேர்த்துச் செலவு 92 இலட்சம். தரகர் 101 இலட்சத்துக்கு ஆள் கொண்டு வந்தார். "வித்துட்டு அடுத்த வீட்டப் பாரு மச்சான்" என்றார் கொழும்பிலிருந்து வந்த மச்சான்.

இரவு கணக்குப் போட்டோம். தரகருக்கு 3 இலட்சம் போனால் மிச்சம் 6. விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இந்த ஏப்ரலிலிருந்து 15 வீதம், அது 90,000. கையில் 5 இலட்சம் சொச்சம். அடுத்த வீடு இதே விலைக்கு வாங்கினால் முத்திரை வரிக்கே மறுபடி 3 இலட்சம்! இதையே தொழிலாகச் செய்தால் வியாபார வருமானமாக வரி கேட்பார்கள்.

வாடகை மாதம் 35,000. வருடத்துக்கு 420,000, போட்ட காசுக்கு 5 வீதம்கூட இல்லை. நிலையான வைப்பில் போட்டிருந்தால் இதைவிடக் கூட வந்திருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு கையில் இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

நல்ல விலை வரும்வரை பூட்டி வைக்கலாமா என்றும் யோசித்தேன். இரண்டு வாரம் பூட்டியதற்கே அலுமாரிக்குள் பூஞ்சணம். இந்தக் குளிரில் அடுப்பு எரிந்தால்தான் சுவர் காயும்.

பதுளையிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு மாத முற்பணம் 210,000. ஹார்ட்வெயார் கடைக் கடனை அதில் அடைத்தேன். ஒரு வருட ஒப்பந்தம். தரகருக்குக் கோபம்தான்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு பிரதி எடுத்தியாப்பா? ஒன்ன அவங்க கையில குடு."

கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.