ரீசெட் பட்டனைப் போட்டு அமுக்காதீர்கள்

குளிர் நாட்டு வீடுகளில் கேஸில் தண்ணீரைச் சுடவைத்து, ரேடியேட்டர் என்ற சுவரோரத் தகடுகள் வழியாக ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கும் பாய்லர் ஒரேயடியாகச் செத்துப்போனால் தொல்லை விட்டது, வேறு மாட்டிவிடலாம். ஆளைப் படுத்துவது இரண்டுங்கெட்டான் பாய்லர்தான். பகலெல்லாம் சமர்த்தாக எரியும். நடுராத்திரி, வெளியே பனி கொட்டும் நேரம் பார்த்து, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். வீட்டில் யாராவது ஒருவர் போர்வையோடு போய் ரீசெட்டை அமுக்குவார். எரியும். அவர் படுத்துக் கண்ணயர்ந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். காலையில் மெக்கானிக் வந்து நின்றால் தீ ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும். அவரும் எதையாவது சொல்லியாக வேண்டுமே, "போர்டு போயிருக்கும்" என்பார். பாய்லரின் மூளையான அந்த மின்சுற்றுப் பலகை அதிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று.

ரீசெட் எதையும் சரிசெய்வதில்லை. முதலிலிருந்து மறுபடி முயன்று பார் என்று பாய்லரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். பல மாடல்களில் சில தடவைக்கு மேல் அமுக்கினால் அதுவும் கோபித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அமுக்குவதற்கு முன் திரையில் தெரியும் கோளாறு எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கியதும் அது மறைந்துவிடும், மெக்கானிக்குக் காட்டத் துப்பு ஒன்றும் இருக்காது.

அடுத்த வேலை காதுக்கு. அறையின் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் ஓடும். ஃபேன் சுற்றும். காற்று சரியாகப் போகிறது என்று உறுதியான பிறகு டிக் டிக் என்று ஸ்பார்க் அடிக்கும், கேஸ் வால்வு திறக்கும், குப்பென்று தீ பற்றும். இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. சத்தமே இல்லையென்றால் பாய்லரைத் திட்டுமுன் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியையும், கரண்ட் போய் வந்ததில் டைமரின் கடிகாரம் குழம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபேன் சுற்றியும் ஸ்பார்க் வரவில்லையா? புகைக்குழாயின் வெளிவாயில் அடைப்பு இருக்கலாம். பழைய மாடல் என்றால் காற்றழுத்த ஸ்விட்சுக்குப் போகும் சின்னக் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். ஸ்பார்க் அடித்தும் பற்றவில்லை என்றால் முதலில் அடுப்பைக் கொளுத்திப் பாருங்கள். வீட்டுக்கே கேஸ் வராதபோது பாய்லர் என்ன செய்யும்? அடுப்பு எரிந்தால் அடுத்த சந்தேகம் ஸ்பார்க் அடிக்கும் கம்பியான எலக்ட்ரோடு. பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய முனை, தேய்ந்தோ வளைந்தோ அகன்று போயிருக்கும்.

தீ பற்றிச் சில நொடியில் அணைந்தால் அது தனிக்கதை. தீயின் வழியாக ஓடும் மிக நுண்ணிய மின்சாரத்தை, மைக்ரோ ஆம்பியர் கணக்கில், அளந்துதான் தீ இருப்பதைப் பாய்லர் தெரிந்துகொள்கிறது. இதை உணரும் எலக்ட்ரோடு மேல் வெள்ளைப் படிவு ஏறினால் அந்த மின்சாரம் குறையும். கண்ணெதிரே தீ எரிந்தாலும் பாய்லர் "இல்லை" என்று சாதித்து கேஸை மூடிவிடும். துடைத்தோ மாற்றியோ விட்டால் சரியாகும். ஆனால் இந்த இடத்தில் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பல மாடல்களில் மூடியே புகை அறைக்குள் வராமல் தடுக்கும் சீல்; கேஸ் வால்வும் எரியறையும் உரிமம் பெற்றவரின் எல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

இத்தனை சொன்னாலும், நின்று நின்று எரியும் பாய்லர்களில் பலவற்றின் கோளாறு நெருப்பில் இல்லை, தண்ணீரில்தான். முன்பக்கத்துப் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டும். அரை பாருக்குக் கீழே போனால் பல பாய்லர்கள் வேலைநிறுத்தம். உடனே தண்ணீர் நிரப்பும் குழாயான ஃபில்லிங் லூப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றுவார்கள், எரியும். ரெண்டு நாளில் மறுபடி முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். மறுபடி ஏற்றுவார்கள். இப்படியே குளிர்காலம் முழுக்க ஓட்டுகிற வீடுகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு உள்ளே போகும் சுண்ணாம்பு படியும், ஆக்சிஜன் ரேடியேட்டரைத் துருவாக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

முள் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். சூடேறும்போது 3 பார் வரை எகிறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்கினால் குற்றவாளி எக்ஸ்பான்ஷன் வெஸல். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். கூடியது ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சிவப்பு டப்பா: நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. அந்தக் காற்று வருஷக்கணக்கில் மெதுவாகக் கசிந்துவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் 3 பாரைத் தொட, பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். ஆறினதும் தள்ளிய அளவுக்குக் குறையும். ஒருமுறை திறந்த வால்வின் வாயில் துரும்பு மாட்டினால் அது சரியாக மூடாது; சொட்டிக்கொண்டே இருக்கும். வெஸலைச் சரிசெய்த பிறகும் பிரஷர் இறங்குகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், இந்த வால்வை மாற்றாமல் விட்டவர்கள்.

காற்றை அளக்க டயர் கேஜ் போதும், வெஸலில் இருப்பது கார் டயரின் அதே வால்வுதான். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அடியில் உள்ள வால்வுகளை மூடி, பாய்லர் பக்கத் தண்ணீரை வடித்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். வடிக்காமல் அளந்தால் கேஜ் காட்டுவது மறுபக்கத்துத் தண்ணீரின் அழுத்தத்தை. எல்லாம் சரி என்று ஏமாந்துபோவீர்கள். வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு சைக்கிள் பம்பால் அடிக்க வேண்டும். வெஸலில் புகுந்திருந்த தண்ணீர் கடகடவென்று வெளியே வரும். அது நின்ற பிறகு, லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு, பொதுவாக 0.75 முதல் 1 பார் வரை, காற்று நிற்கிறதா பாருங்கள். பின்பு வடிகுழாயை மூடி, வால்வுகளைத் திறந்து, தண்ணீரை 1.2 பாருக்கு ஏற்றுங்கள். வால்வின் ஊசியை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்தது, பம்ப் அடித்துப் புண்ணியமில்லை.

முள் எகிறாமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. பாதுகாப்பு வால்வின் வெளிக்குழாய் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால் திருடன் அகப்பட்டான். இல்லையென்றால் இன்னொரு ராத்திரி பாய்லரை அணைத்து அடி வால்வுகளை மூடி வையுங்கள்: முள் இறங்கினால் கசிவு பாய்லருக்குள், இறங்காவிட்டால் வீட்டுக் குழாயில்.

உறைபனி நாளில் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றால், புகை குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றும் கண்டென்சேட் குழாய் வெளியே உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றினால் போதும். கொதிநீர் ஊற்றினால் குழாய் விரியும். ரேடியேட்டர் மேலே மட்டும் ஜில்லென்றால் உள்ளே காற்று, அதன் மேல்முனை வால்வைச் சாவியால் திறந்து வெளியேற்றி மறக்காமல் பிரஷரைப் பாருங்கள். கீழே ஜில்லென்றால் கறுப்புச் சேறு, கழுவித்தான் ஆக வேண்டும். குளிக்கச் சுடுதண்ணீர் திறக்கும்போதெல்லாம் ரேடியேட்டரும் சூடானால், சூட்டைக் குளியலுக்கும் ரேடியேட்டருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் பலவும் 25 டிகிரியில் மீட்டரில் 10 கிலோ ஓம் மின்தடை காட்டும், சூடேற ஏற எண் சீராகக் குறையும். தாவித் தாவிக் குதித்தால் தூக்கிப் போடுங்கள், விலையும் கொஞ்சம்தான். இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு போர்டைச் சந்தேகித்தால் நியாயம்.

பம்புக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோடை முழுக்கச் சும்மா கிடந்தால் அது இறுகிவிடும், முதல் குளிரன்று முனகிவிட்டு நிற்கும். மாதம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஹீட்டிங்கைப் போட்டுவிடுங்கள். கொளுத்துகிற வெயிலில் எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.